தட்டு நடுவில் வரட்டும்: பாரிஸ் பிஸ்த்ரோவில் பகிர்ந்து சாப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் பல வருடமாக இருப்பதால், ஊரிலிருந்து வருகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே வாட்ஸப்பில் கேள்விகளை அனுப்பிவிடுகிறார்கள். ஈஃபிள் கோபுரத்துக்கு டிக்கெட் வாங்குவதை அவர்களே இணையத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். என்னிடம் வருவதெல்லாம் சாப்பாட்டுக் கேள்விகள்தான். சிறு தட்டுகளை நடுவில் வைத்துப் பகிரும் பிஸ்த்ரோக்கள் பெருகிய பிறகு அதே பத்துப் பதினைந்து கேள்விகளையே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.

பிஸ்த்ரோ என்றால் சின்ன ரெஸ்டாரன்ட், அவ்வளவுதானே?

ஏறக்குறைய. முப்பது நாற்காலி இருந்தாலே அதிகம். முதலாளி கல்லாவிலோ அடுப்படியிலோ நிற்பார். அன்றைய சாப்பாட்டைச் சாக்பீஸால் எழுதிய கரும்பலகை மேசைக்கு மேசை நகரும். சுவரோரமாக நீண்ட மெத்தை இருக்கை. அதில் உட்கார வேண்டுமென்றால் சர்வர் மேசையை வெளியே இழுத்து உங்களை உள்ளே விட்டு, திரும்பத் தள்ளி அடைத்துவிடுவார். பக்கத்து மேசைக்கும் உங்களுக்கும் ஒரு சாண் இடைவெளி. நடுவில் கை கழுவ எழுந்தால் இரண்டு மேசைக்காரர்கள் வைன் கிளாஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'இதமான சூழல்' என்று விளம்பரத்தில் போடுவது இதைத்தான்.

பிராசரி என்பது வேறு. பெரிய கூடம், நேரம் காலம் இல்லாமல் சமையல். பீர் காய்ச்சும் இடம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். 1870-71 போரில் அல்சாஸ் ஜெர்மனியிடம் போன பிறகு அங்கிருந்து வந்து குடியேறியவர்கள் பாரிஸில் அதை வளர்த்தார்கள். பிஸ்த்ரோவுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஓவெர்ன் மலைநாட்டுக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் பிழைக்க வந்து, வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்து, பிறகு கரியும் விறகும் விற்று, அதே கடையின் ஒரு மூலையில் வைனும் ஊற்றிக் கொடுத்தார்கள். கரிக்கடையில் ஒரு சட்டி கொதிக்க ஆரம்பித்ததும் அது சாப்பாட்டுக் கடையாகிவிட்டது.

1814இல் பாரிஸுக்குள் நுழைந்த ரஷ்யக் கொசாக் வீரர்கள் 'பிஸ்த்ரோ, பிஸ்த்ரோ' என்று, அதாவது 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கத்தியதால் இந்தப் பெயர் வந்தது என்று மோன்மார்த்ர் மலையில் ஓர் உணவகத்துச் சுவரில் பலகையே பதித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அச்சில் தென்படுவது 1880களில்தான். எழுபது வருடம் அது எங்கே ஒளிந்திருந்தது? கதை நன்றாக இருக்கிறது, நான் நம்புவதில்லை. இங்கே எதுவும் சீக்கிரம் வந்ததும் கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் அவரவர் தட்டில் சாப்பிடுகிறவர்கள் ஆயிற்றே? பகிர்வது இப்போது வந்த நாகரிகமா?

உண்மை தலைகீழ். 18ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் வீட்டு விருந்தில் சூப், வறுவல், பை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசை முழுக்கப் பரப்பிவிடுவார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும், எட்டாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பெயரே 'பிரெஞ்சு முறை'. ஒன்றன்பின் ஒன்றாக ஆளாளுக்குப் பரிமாறுவது 'ரஷ்ய முறை'. 1810 வாக்கில் பாரிஸில் ரஷ்யத் தூதராக இருந்த குராகின் அதை இங்கே காட்டினார் என்பார்கள். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு ஊர்பேன் துய்புவா என்ற சமையல் வல்லுநர் அதைப் பரப்பினார். சாப்பாடு சூடாக வந்து சேரும் என்பதால் அது நிலைத்துவிட்டது. ஆக, முதல் தட்டு, பிரதானத் தட்டு, இனிப்பு என்று ஆளுக்கு ஒன்றாக வரும் 'அசல் பிரெஞ்சுச் சாப்பாடு' ரஷ்யாவிலிருந்து வந்த பழக்கம்.

இன்றைய சிறு தட்டுக்கு வேறு வரலாறு. கிரியோன் என்ற அரண்மனை ஹோட்டலில் வேலை பார்த்த ஈவ் கம்தெபோர்த் 1992இல் பாரிஸின் தெற்கு ஓரத்தில் லா ரெகாலாத் என்று ஒரு பிஸ்த்ரோ திறந்தார். ஹோட்டல் கைப்பக்குவம், பிஸ்த்ரோ விலை. உட்கார்ந்ததும், அரைத்த இறைச்சியை அச்சுப் பாத்திரத்தில் வேகவைத்த தெரீனை அந்தப் பாத்திரத்தோடு மேசையில் வைத்துவிடுவார்கள், வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம். இந்தப் போக்குக்கு 2004இல் செபஸ்தியான் தெமோரான் என்ற பத்திரிகையாளர் 'பிஸ்த்ரோனோமி' என்று பெயர் வைத்தார். இன்னொரு பக்கம், வைன் விற்கும் கடைகள் நாலு மேசை போட்டு, வைனோடு கொறிக்கச் சிறு தட்டுகள் கொடுக்கத் தொடங்கின. இரண்டும் சேர்ந்த இடம்தான் இப்போது நீங்கள் படம் பார்த்துவிட்டுக் கேட்கும் கடைகள். வயதான பாரிஸ்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காது. 'பசியோடு போய்ப் பசியோடு வருகிற இடம், பில் மட்டும் முழுசு' என்பார்கள். சில கடைகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி.

எந்தக் கடையில் பகிரலாம், எங்கே கூடாது?

பலகையைப் பாருங்கள். 'ஆந்த்ரே', 'பிளா', 'தெசேர்' என்று மூன்று தலைப்பு இருந்தால் பழைய முறைக் கடை. ஆந்த்ரே என்றால் பிரான்சில் முதல் தட்டு. அமெரிக்காவில் இருந்து வருகிறவர்கள் அதைப் பிரதானத் தட்டு என்று நினைத்துவிட்டுப் பாதி வயிற்றோடு எழுந்திருப்பார்கள். தலைப்பே இல்லாமல் பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசையாக, எட்டு யூரோவிலிருந்து இருபதுக்குள் இருந்தால் அது பகிரும் கடை. 'ஆ பர்த்தாஜே', அதாவது 'பகிர்வதற்கு' என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழைய முறைக் கடையிலும் பகிர்வதற்கென்றே சில இருக்கும். இரண்டு பேருக்கான எலும்போடு கூடிய மாட்டுத் துண்டமான கோத் து பெஃப், பனிக்கட்டி மேல் அடுக்கிய கடல் உணவுத் தட்டம், பதப்படுத்திய இறைச்சிப் பலகை, அடுப்பில் உருக்கிய கமாம்பேர் சீஸ், ஒரு டஜன் நத்தை. இவற்றை நடுவில் வைத்துக்கொள்ளலாம். முதல் தட்டு ஒன்றை இரண்டு பேர் பகிர்வதும் தப்பில்லை.

நம் ஊரில் சூப்பை 'ஒன் பை டூ' சொல்வதுபோல ஒரே ஒரு பிரதானத் தட்டை இரண்டு பேருக்குச் சொல்வதுதான் இங்கே எடுபடாது. முப்பது நாற்காலிக் கடை அது, ஓர் இரவுக்கு ஒரு மேசையை இரண்டு முறை நிரப்பினால்தான் பிழைக்கும். பசி இல்லையென்றால் வைன் கடைக்குப் போய் இரண்டு சிறு தட்டு சொல்லுங்கள், அங்கே முகம் சுளிக்கமாட்டார்கள்.

எத்தனை தட்டு சொல்ல வேண்டும்?

ஆளுக்கு இரண்டிலிருந்து மூன்று. சர்வரும் அதையேதான் சொல்வார். ஆனால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் என்றால் முதலில் மூன்று, சாப்பிட்டுவிட்டு மீதி.

நாங்கள் நாலு பேர் ஒருமுறை பதினோரு தட்டை ஒரே தடவையில் சொல்லிவிட்டோம். கடை எது என்பதை விடுங்கள், தப்பு எங்களுடையது. கால் மணி நேரத்தில் பதினொன்றும் வந்தன. மேசையின் அகலம் இரண்டடிகூட இருக்காது. தட்டின் விளிம்பில் தட்டு, ரொட்டிக் கூடை மடியில், வைன் பாட்டில் சன்னல் விளிம்பில். வறுத்த உருளைக்கிழங்கு ஆறித் துவண்டது, மீனை யாரும் கவனிக்கவே இல்லை. எட்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பாரிஸில் அது ராத்திரிச் சாப்பாடு தொடங்குகிற நேரம்.

பகிரும் கடையில் வரிசையைச் சமையலறை முடிவு செய்யும், எது தயாரோ அது வரும். நீங்கள் இரண்டு தவணையாகச் சொன்னால் அந்த வரிசை உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. முதலில் குளிர்ந்தவை: முட்டை மயோனெஸ், வினிகரில் ஊறிய லீக் தண்டு, வெண்ணெயும் உப்பும் தொட்டுக் கடிக்கும் முள்ளங்கி. பிறகு சூடானவை. இறைச்சி கடைசி. இன்னொரு கணக்கும் உண்டு: பல தட்டுகளில் உருப்படி மூன்றாக இருக்கும், நீங்கள் நாலு பேராக இருப்பீர்கள். சொல்லும்போதே 'நாங்கள் நாலு பேர்' என்றால் பெரும்பாலும் ஒன்று கூட்டி வைப்பார்கள், அதற்கான காசோடு.

எச்சில் விஷயம் எப்படி? எல்லோரும் ஒரே தட்டில் முள்கரண்டியைக் குத்துவார்களா?

பிரெஞ்சில் 'எச்சில்' என்பதற்குச் சரியான சொல்லே கிடையாது. உமிழ்நீருக்குச் சொல் உண்டு. ஆனால் ஒருவர் வாய் பட்டதால் ஒரு பண்டம் வேறாகிவிடுகிறது என்ற கருத்துக்குச் சொல் இல்லை. ஆகவே சர்வரிடம் இதை விளக்கப் பார்க்காதீர்கள், நான் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

நடைமுறை இப்படி: ஒழுங்கான கடையில் ஆளுக்கு ஒரு காலித் தட்டும், நடுத்தட்டோடு ஒரு பரிமாறும் கரண்டியும் வரும். வராவிட்டால் 'கூவேர் து செர்வீஸ்' என்று கேளுங்கள், கொண்டுவந்து தருவார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. காதலர்களும் நெருங்கிய நண்பர்களும் சொந்த முள்கரண்டியாலேயே எடுப்பார்கள். அலுவலக ஆட்களோடு போனால் அப்படிச் செய்யமாட்டார்கள்.

என் அத்தை வந்திருந்தபோது இதற்கு ஒரே நொடியில் வழி கண்டுபிடித்தார். தட்டு வந்ததும், யாரும் வாயில் வைப்பதற்கு முன், பரிமாறும் கரண்டியைக் கையில் எடுத்து ஐந்து தட்டுக்கும் பங்கு வைத்துவிட்டார். அடுத்த தட்டுக்கும் அப்படியே. பக்கத்து மேசைப் பாட்டி அதைப் பார்த்துத் தலையாட்டினார். பிரெஞ்சு வீடுகளில் அவர் தலைமுறை அப்படித்தான் பரிமாறியிருக்கும்.

சாஸைப் பொறுத்தவரை, உங்கள் தட்டில் உள்ள சாஸை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடலாம். அதற்கென்றே 'சோசே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. நடுத்தட்டுச் சாஸில் கடித்த ரொட்டியைத் தோய்க்கக் கூடாது. ஓதேயோன் பக்கம் கம்தெபோர்த் தொடங்கிய லாவான் கோம்ப்துவார் போன்ற நின்று சாப்பிடும் இடங்களில் ரொட்டியும் வெண்ணெய்க் குன்றும் எல்லோருக்கும் பொதுவாகக் கவுண்டர் மேலேயே இருக்கும். அத்தையை அங்கே நான் கூட்டிப்போகவில்லை.

இடது கையைப் பற்றியும் கேட்கிறார்கள். இடது கையால் தட்டை நீட்டினால் இங்கே ஒன்றுமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். இரண்டு கையும் மேசைமேல் தெரிய வேண்டும்.

நாங்கள் சுத்த சைவம். வரலாமா?

வரலாம். சிறு தட்டுக் கடைகளில் பாதித் தட்டு காய்கறிதான், பழைய பிஸ்த்ரோவைவிட இது எவ்வளவோ தேவலை. ஆனால் இரண்டு எச்சரிக்கை.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இறைச்சி என்றால் கண்ணுக்குத் தெரியும் துண்டம். பச்சைக் காய் சாலட்டில் பன்றிக் கொழுப்புத் துணுக்கான லார்தோன் தூவியிருக்கும். வெங்காய சூப் வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் காய்ச்சப்படுகிறது. ஆலிவ் துவையலில் நெத்திலி போன்ற மீன் இருக்கும். சில இடங்களில் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் வறுப்பார்கள். குளிர்ந்த இனிப்பு சிலவற்றில் ஜெலட்டின். பாரம்பரியச் சீஸ்களில் பெரும்பாலானவை கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டால் திரிந்தவை. இதில் எதுவரை விடலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள், மேசையில் விவாதம் வேண்டாம். 'சான் வியாந்த், சான் புவாசோன்' என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். 'சான் புய்யோன்' என்றால் எலும்புச் சாறும் வேண்டாம். முட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நம்பிச் சொல்லக்கூடியவை: லீக் வினெக்ரெத், பீட்ரூட், காய்கறிக் குழம்பான ரத்தத்தூய், பாலும் கிரீமும் பூண்டும் சேர்த்து உருளைக்கிழங்கை வேகவைத்த கிரத்தேன் தோஃபினுவா. பூய் ஊர்ப் பயறு பார்க்கச் சைவம்போல இருக்கும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை பிரெஞ்சுக்காரர்களைப் பற்றியது அல்ல, உங்களோடு வரும் அசைவ நண்பர்களைப் பற்றியது. அவர்கள் இறைச்சித் தட்டையும் சாப்பிட்டு உங்கள் காய்கறித் தட்டிலும் கை வைப்பார்கள். உங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பிடித்த காய்கறித் தட்டை இரண்டாகச் சொல்லிவிடுங்கள்.

மாட்டிறைச்சி, பன்றி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெஃப் மாடு, வோ கன்று, போர் பன்றி, ஜம்போன் பன்றித் தொடை, கனார் வாத்து, அஞோ ஆட்டுக்குட்டி. தெரீன், ரியேத், பூதேன் (பெரும்பாலும் பன்றி சேர்ந்தவை) என்று இருந்தால் கேட்காமல் தொடாதீர்கள். மாட்டிறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதி வைப்பது 2002 முதலே கட்டாயம். 2022 முதல் பன்றி, கோழி, ஆட்டுக்கும் அது வந்துவிட்டது. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களுக்கு எழுத்தில் பட்டியல் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். கேட்டால் ஒரு கோப்பைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

கோத் து பெஃப் இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவருக்கு நன்றாக வேக வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம். என்ன செய்வது?

ஒரு துண்டம், ஒரு பக்குவம், வேறு வழியில்லை. 'ப்ளே' என்றால் சூடு பட்ட பச்சை இறைச்சி. 'சேஞான்' என்றால் உள்ளே சிவப்பு. 'ஆ புவான்' என்பதை நடுத்தரம் என்று மொழிபெயர்ப்பார்கள், ஆனால் நம் கண்ணுக்கு அதுவும் சிவப்பாகத்தான் இருக்கும். 'பியேன் குயி' சொன்னால் செய்து தருவார்கள், சமையல்காரர் மனசு கேட்காமல். நன்றாக வெந்தது வேண்டும் என்பவர் எலும்பை ஒட்டாத ஓரத் துண்டுகளை எடுத்துக்கொள்ளட்டும், அங்கே கூடுதலாக வெந்திருக்கும். அதற்கும் ஒத்துவராதென்றால் வைனில் மணிக்கணக்கில் வெந்த மாட்டிறைச்சியான பூர்கின்யோனோ வாத்துத் தொடையோ சொல்லுங்கள்.

ரொட்டிக்கும் தண்ணீருக்கும் காசு உண்டா?

இல்லை. சாப்பாட்டு விலையிலேயே ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் அடக்கம். 'ஊன் கராஃப் தோ', அதாவது ஒரு குடுவைத் தண்ணீர் என்று கேளுங்கள். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டிலைக் கொண்டுவந்து பில்லில் ஏற்றிவிடுவார்கள். இலவசக் குடிநீர் கிடைக்கும் என்று அட்டையிலேயே எழுத வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். ரொட்டிக்குத் தனித் தட்டு வராது, மேசை விரிப்பின்மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கத்தியால் வெட்டாமல் கையால் பிய்க்க வேண்டும்.

சீஸ் பலகையில் எப்படி வெட்டுவது?

கவனமாக. பகிரும் மேசையில் ஒருவரை எடைபோடுவது இங்கேதான். பிரி போன்ற முக்கோணத் துண்டின் கூர்முனையை, அதாவது 'மூக்கை', வெட்டி எடுத்துக்கொண்டால் மேசையே அமைதியாகிவிடும். காரணம் எளிது: சீஸ் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பழுக்கிறது, தோல் பகுதிக்கும் மூக்குக்கும் ருசி வேறு. மூக்கை ஒருவரே எடுத்துவிட்டால் மற்றவர்களுக்குத் தோல்தான். மூக்கிலிருந்து ஓரம்வரை நீளவாக்கில் மெல்லிசாக வெட்டுங்கள், எல்லோருக்கும் எல்லாப் பகுதியும் வரும்.

வைன் குடிக்காவிட்டால் மதிப்பார்களா?

மதிப்பார்கள். கராஃப் தண்ணீரோடு முழுச் சாப்பாடும் முடிக்கலாம்.

மொழி தெரியாது. எப்படிச் சமாளிப்பது?

நுழைந்ததும் 'போன்ஜூர்', இரவானால் 'போன்சுவார்'. இதைச் சொல்லாமல் நேரே 'டேபிள் ஃபார் ஃபோர்' என்று ஆரம்பித்தால் அன்றைய உபசரிப்பு அங்கேயே கெட்டது. சர்வரை விரல் சொடுக்கியோ 'கார்சோன்' ('பையா') என்றோ கூப்பிடக் கூடாது. கண்ணைப் பார்த்து 'சீல் வூ ப்ளே' ('தயவுசெய்து'). 'ஓன் வா பர்த்தாஜே' என்றால் நாங்கள் பகிரப்போகிறோம். 'ஓ மில்யூ' என்றால் நடுவில்.

சமையலறைக் கதவு திறக்கும்போது தமிழ் கேட்டால் திடுக்கிட வேண்டாம். 1980களிலிருந்து வந்த ஈழத்தமிழர்கள் பலர் இந்த ஊர் உணவகங்களில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கிச் சமையல்காரர்களாக உயர்ந்திருக்கிறார்கள். வேலை முடிந்து அவர்கள் காய்கறி வாங்கப்போகும் லா ஷப்பெல் தெருக்களில் பெயர்ப் பலகைகளே தமிழில் இருக்கும். நண்பர் ஒருவரின் அப்பா வெங்காய சூப் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது உள்ளேயிருந்து ஒருவர் கை துடைத்துக்கொண்டே வந்து, "ஐயா, நீங்கள் சைவமோ? அந்த சூப் வேண்டாம், மாட்டெலும்பு போட்டுக் காய்ச்சினது" என்றார். வேட்டிக்கரை பார்த்ததில் கண்டுபிடித்தாராம்.

பில், டிப்ஸ்?

கேட்காமல் பில் வராது. மேசையை விட்டு உங்களைக் கிளப்புவதுபோல ஆகிவிடும் என்று காத்திருப்பார்கள். அவசரமென்றால் 'லாதிசியோன்' கேளுங்கள். அட்டையில் போட்ட விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம், அதற்குமேல் தருவது உங்கள் விருப்பம். இரண்டு மூன்று யூரோ நாணயம் போதும். பகிர்ந்த சாப்பாட்டைச் சரிசமமாகப் பிரிப்பதுதான் வழக்கம். வைன் குடிக்காதவர் ஒருவர் இருந்தால் நல்ல நண்பர்கள் அவர் பங்கைக் குறைத்துவிடுவார்கள். நீங்களாகவே கேட்டுக் குறைத்துக்கொள்வது சங்கடம்தான்.

மிச்சத்தைக் கட்டித்தரச் சொல்லலாம். கேட்டால் டப்பா தர வேண்டும் என்று 2021 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது. பழைய சர்வர்கள் இன்னும் புருவத்தைத் தூக்குவார்கள், தூக்கட்டும்.

இனிப்பையுமா பகிர்வது?

'ஒன்று, இரண்டு ஸ்பூன்' என்று சொன்னால் எந்தக் கடையிலும் சிரித்துக்கொண்டே தருவார்கள், பழைய முறைக் கடையிலும்தான். ஆனால் சாக்லேட் மூஸ் இருந்தால் பொறுங்கள். மரே பகுதியில் ஷே ஜானூ என்ற பிஸ்த்ரோவில் அதைப் பெரிய பாத்திரத்தோடு மேசைக்கே தூக்கிக்கொண்டு வந்து அள்ளி வைப்பார்கள். ஒரு பங்கை இரண்டு பேர் பகிரலாம் என்று எங்கள் அத்தை சொன்னதும், கரண்டியைப் பிடித்திருந்த பையன் ஒன்றும் பேசாமல் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தான். அன்றைக்கு அவர் யாருக்கும் பங்கு வைக்கவில்லை.